கத்தரிக்காய் படம் இல்லாமல் போன கதை

அன்பு மகனே,

முதலில் என் ஸலாம். கவரைப் பார்த்ததும் பதறியிருப்பாய் என்று தெரியும். தினமும் இரண்டு தடவை போனில் பேசுகிறவள் எதற்காக இத்தனை பக்கம் எழுதி பெங்களூருக்கு கூரியரில் அனுப்புகிறாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்தா நன்றாக இருக்கிறார். உன் கல்யாணத்துக்காகத் தலைக்கு மை பூசுகிறேன் என்று காது மடலையும் சேர்த்துக் கறுப்பாக்கிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய். குறுக்கே பேசினால் நான் தடுமாறி ஒரு பொய்யைச் சொல்லிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பெயரை நான் வாசித்துக்கொண்டே வந்தேன், நீ சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தாய். குத்தாலம் கடைத்தெரு ஸ்டூடியோ கலியமூர்த்தி என்றதும் நிறுத்தினாய். "அவருக்கு மட்டும் வேணாம்மா. என் வாழ்க்கைல நான் ஏறுன ஒரே மேடை அது. அந்த ஒரு படத்தையும் அழிச்ச மனுஷன்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் சிரிப்புக்கு அடியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இன்னும் முறைத்துக்கொண்டு நின்றது எனக்குக் காதிலேயே கேட்டது. நான் "சரிப்பா" என்று போனை வைத்துவிட்டேன். அப்புறம் மூன்று நாள் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் என்பது கொஞ்சம் அதிகம்; ஒரு நாள் என்று வைத்துக்கொள். பார்த்தாயா, பழக்கம்.

கதையை கேமராவிலிருந்து தொடங்க வேண்டும். அத்தா அப்போது துபாயில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பழைய கேமராவை அத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை அத்தா நாலு லுங்கிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அந்த நோன்புப் பெருநாளுக்கு நம் வீட்டு ஜனம் முழுவதையும் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்து, ஒரு முழு ரோலையும் எடுத்துத் தள்ளினார். கழுவி வந்த முப்பத்தாறும் மேகம். வெள்ளை மேகம், பச்சை மேகம், நடுவில் பெரிய மாமா சட்டை நிறத்தில் ஒரு மஞ்சள் மேகம். "ஸ்டூடியோக்காரன் ரோலைக் கெடுத்துட்டான்" என்று அத்தா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். நம் குடும்பம் கலியமூர்த்தி அண்ணன் மேல் போட்ட முதல் பழி அது. எடுக்கும்போதே உள்ளே எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்ததாம். தனக்குக் கண்ணாடி போடுகிற வயது வந்துவிட்டதோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தாராம். இதை அவர் என்னிடம் ஒப்புக்கொள்ளப் பதினைந்து வருடம் ஆனது.

அவர் போன பிறகு கேமரா அலமாரியில் கிடந்தது. ஒரு நாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், சும்மா அதை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். மேகம்தான். அப்படியே முருங்கை மரத்துப் பக்கம் திரும்பி ஒரு அடி முன்னால் வைத்தேன். திடீரென்று என் மூக்குக்கு நேரே எருமைக்கடா அளவுக்கு ஒரு கம்பளிப்பூச்சி! ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிகிறது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுப் பாத்துமா மாமி வேலிக்கு மேலே தலை நீட்டி, "என்னடி, பாம்பா?" என்றார். இல்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? மாமி போனதும் மறுபடி பார்த்தேன். பயமாக இருந்தது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதற்கு முகம் இருந்தது தம்பி. ஒரு மாதிரி சலித்துக்கொண்ட முகம்.

கேமராவைத் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு குத்தாலம் போனேன். கலியமூர்த்தி அண்ணன் என்னைக் கண்டதும், பழைய சண்டைக்குத்தான் வருகிறேன் என்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு கேமராவை வாங்கித் திருப்பிப் பார்த்து, ஒரு நிமிஷத்தில் அதிலிருந்து ஒரு வளையத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவுல இத மாட்டி வெச்சிருக்காங்க தங்கச்சி. கழட்டுனா ஆளு தெரியும். மாட்டுனா பூச்சி தெரியும். பாய் இத மாட்டிக்கிட்டே பெருநாள் எடுத்திருக்காரு. உங்களுக்கு எது வேணும்?" என்றார். "ரெண்டும் வேணும்ணே" என்றேன். அவர் அன்றைக்கே கற்றுக்கொடுத்தார். பூச்சி எடுக்கும்போது கேமராவைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே நகர்த்த வேண்டும் என்று. வெயில் ஒரு பக்கமாக அடித்தால் இன்னொரு பக்கம் வெள்ளைத் துணியைப் பிடிக்க வேண்டும் என்றார். வெள்ளைத் துணிக்கு எனக்கு என்ன குறை? துப்பட்டி இருக்கிறதே. நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் வெளியே போகும்போது போர்த்திக்கொள்வது அது; நான் ஒருத்திதான் அதை எறும்புக்கு வெளிச்சம் காட்டப் பிடித்தேன்.

அந்த வருடம்தான் உன்னைப் புதிதாகத் திறந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தோம். அப்போது ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்தது போல இங்கிலீஷ் மீடியமும் முளைத்த காலம். குழந்தைகள் தினத்துக்கு மாறுவேடப் போட்டி. உனக்குக் கத்தரிக்காய். ஊதா சாட்டின் துணியில் உறை தைத்து, இரண்டு தலையணைப் பஞ்சை உள்ளே அடைத்து, தலையில் பச்சைக் காம்பு வைத்தேன். நாலு வரி இங்கிலீஷை ஒரு மாதம் மனப்பாடம் செய்தாய். "ஐ ஆம் எ பிரிஞ்சால். ஐ ஆம் பர்ப்பிள்." தூக்கத்தில்கூட பிரிஞ்சால் என்றாய். அத்தா பூத்துக்கு போன் போட்டு, "மேடைல நிக்கிற மாதிரி ஒன்னு, கிட்டத்துல ஒன்னு, டீச்சரோட ஒன்னு. ரோல் முழுக்க எடுத்துடு, இங்க ரூம்ல எல்லாருக்கும் காட்டணும்" என்று சொல்லியிருந்தார். புது ரோல் போட்டு வைத்திருந்தேன். காலையில் பள்ளிக்கூட வேனில் உன்னை ஏற்றினேன். கத்தரிக்காயால் உட்கார முடியாது என்பதால் நின்றுகொண்டே போனாய்.

நான் அரை மணி கழித்து வயல் வழியாகக் கிளம்பினேன். ராத்திரி பெய்த மழை விட்டு நல்ல வெயில். சம்பா முழங்கால் உயரம் நிற்கிறது, வாய்க்கால் நிறையத் தண்ணீர். வரப்பில் பாதி தூரம் வந்திருப்பேன். ஓரத்துப் பயிரில் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு, சேறு நிறத்தில் அசிங்கமாக ஒரு பூச்சி ஏறி நின்றது. அதன் முதுகு லேசாகப் பிளந்திருந்தது. உள்ளே பச்சையாக ஏதோ துடித்தது. நேரம் இருக்கிறதே, இரண்டே இரண்டு படம் எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று வளையத்தை மாட்டிக்கொண்டு குந்தினேன். அல்லாஹ் சாட்சியாக இரண்டு என்றுதான் நினைத்தேன்.

பிளவு பெரிதாயிற்று. தலை வந்தது, அதில் பெரிய பெரிய கண். ஆறு படம் ஆயிற்று. பிள்ளைக்கு முப்பது இருக்கிறது, தாராளம் என்று நினைத்துக்கொண்டேன். பாதி உடம்பு வெளியே வந்து, தலைகீழாகப் பின்னால் சரிந்து தொங்கியது. செத்துவிட்டதோ என்று நான் பதறினேன். அப்படியே ரொம்ப நேரம் தொங்கிவிட்டு, திடீரென்று எக்கி, தான் விட்டு வந்த கூட்டையே பிடித்துக்கொண்டு மொத்த உடம்பையும் உருவிக்கொண்டது. பதினெட்டு. பிள்ளைக்குப் பதினெட்டு போதும். பிறகு முதுகில் நனைந்து சுருண்ட காகிதம் போல ஒட்டியிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக விரிய ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது தட்டான்! நாம் தினமும் பார்க்கிற சாதாரணத் தட்டான்! இருபத்தாறு. பிள்ளைக்குப் பத்து போதாதா? மேடையில் நிற்கப் போவது கத்தரிக்காய்தானே, ஓடவா போகிறது, ஐந்து போதும். ஒன்று நன்றாக வந்தால் போதும்.

வயலில் களை பறித்துக்கொண்டிருந்த அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "என்ன பாயம்மா, தோடு விழுந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்து, என் பதிலுக்குக் காத்திராமல் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள். "அசைக்காத, அசைக்காத" என்று கெஞ்சி, அவளைக் கேமராவுக்குள் பார்க்கவைத்தேன். "அட, தட்டாம்பூச்சி. இதுக்கா இவ்ளோ நேரமா குந்தியிருக்கீங்க?" என்றாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. "இது தண்ணிலேர்ந்தா வருது? பொறந்ததுலேர்ந்து இந்த வயல்லதான் கெடக்குறேன், இது மேலேர்ந்து வருதுன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றாள். அவளிடமிருந்து கேமராவைத் திரும்ப வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. இறக்கை கண்ணாடி மாதிரி தெளிந்து, நாலும் பக்கவாட்டில் படக்கென்று விரிந்தது. என் விரல் என்னைக் கேட்கவே இல்லை. தட்டான் பறந்துபோனதும் லீவரை இழுத்தேன். நகரவில்லை. முப்பத்தாறும் முடிந்துவிட்டது.

ஓடினேன். அந்த வரப்பில் அப்படி யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். இடுப்பு வரை சேறோடு நான் பந்தலுக்குள் நுழைந்தபோது மேடையில் தக்காளி பேசி முடித்து இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்து நீ. மேடைக்கு வந்து கூட்டத்துக்குள் தேடினாய். என்னையும் கேமராவையும் கண்டதும் உன் முகம் மலர்ந்ததே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது. நீ பேசவில்லை. படம் எடுக்கட்டும் என்று நேராக நின்றாய். நான் என்ன செய்வேன்? கேமராவைக் கண்ணில் வைத்து, நாக்கை அண்ணத்தில் தட்டி 'டிக்' என்றேன். நீ பக்கவாட்டில் திரும்பி நின்றாய். டிக். இன்னொரு பக்கம். டிக். டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து "ஐ ஆம் எ, ஐ ஆம் எ" என்று எடுத்துக்கொடுத்துப் பார்த்தார். உனக்குக் கேட்கவே இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஏன் வாயால சத்தம் போடுறீங்க?" என்று கேட்டார். நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். பரிசு வெண்டைக்காய்க்குப் போனது. நீ கவலையே படவில்லை. "பரவால்லம்மா, படம் நல்லா வந்திருக்கும்ல?" என்றாய்.

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளிலிருந்து தினம் "படம் வந்துடுச்சா?" என்றாய். எட்டாவது நாள், இனி தாங்காது என்று, "ஸ்டூடியோவுல ரோல கழட்டும்போது வெளிச்சம் பட்டுடுச்சாம்ப்பா, எல்லாம் போச்சாம்" என்று சொல்லிவிட்டேன். நீ அழுவாய், ஒரு மிட்டாயோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீ அழவில்லை. சனிக்கிழமை சாமான் வாங்கக் குத்தாலம் போனபோது, என் கையை உதறிவிட்டு நேராக ஸ்டூடியோ வாசலில் போய் நின்றாய். கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி, "நீங்க ஏன் என் படத்த அழிச்சீங்க? நான் பேசாமகூட நின்னேன் படத்துக்காக!" என்று கத்தினாய். நான் பின்னால் ஓடிவந்து நின்றேன். மேஜை மேல், உன் கைக்கு ஒரு ஜாண் தூரத்தில், முப்பத்தாறு தட்டான் படமும் கவரில் இருந்தது. அண்ணன் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்காமல் கையை மட்டும் லேசாகக் கூப்பினேன். அவர் மெதுவாக நோட்டை எடுத்து அந்தக் கவர் மேல் வைத்தார். "ஆமா தம்பி. என் தப்புதான். அவசரத்துல தொறந்துட்டேன்" என்றார். கடைக்கு வந்த நாலு பேர் முன்னால் சொன்னார்.

இதில் அத்தாவுக்கும் பங்கு உண்டு. துபாய்க்குத்தானே போகப்போகிறது என்று அண்ணன் அந்தக் கவரை, மறுநாள் விமானம் ஏறவிருந்த நம் தெரு ஆளிடம் அக்கறையாகக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது கவர் கடல் தாண்டிவிட்டது; வெள்ளிக்கிழமை போனில் அத்தாவிடமும் படம் அழிந்துவிட்டது என்றுதான் சொல்லிவைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, கடிதத்துக்குப் பதிலாக அத்தா பேசிப் பதிந்து அனுப்பும் கேசட் வந்தது. நீ பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "படம் வந்துச்சு. முப்பத்தாறையும் பாத்தேன். முப்பத்தாறும் தட்டாம்பூச்சி. கத்தரிக்கா எங்க?" என்று அவர் கேட்பதற்குள் பின்னால் ஒரே சத்தம். அவர் ரூமில் இருந்த எட்டுப் பேரும் நம் பக்கத்துக்காரர்கள். ஒருத்தரும் பூச்சியைப் பார்க்கவில்லை. பூச்சி உட்கார்ந்திருந்த பயிரைப் பார்த்திருக்கிறார்கள். "பொன்னிதான்யா." "யோவ், தாளோட அகலத்தப் பாரு, இது ஆயிரத்து ஒம்பது." "யாரு வயலு, நம்ம வாத்தியார் வயலா?" என்று பிரியாணியை ஆறவிட்டு, என்ன நெல் என்று சண்டை. கடைசியில் ஒருத்தர், "தண்ணி கலங்கலா இருக்கு, முந்துன நாள் நல்ல மழ போல" என்றிருக்கிறார். சண்டை அதோடு நின்றுவிட்டது. அப்புறம் அத்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரெண்டு ரோல் அனுப்புறேன். ஒன்னு புள்ளைக்கு, ஒன்னு பூச்சிக்கு. மாத்திப்புடாத. படம் அழிஞ்சுதுன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும், சின்னப் புள்ள, மறந்துடுவான்" என்றார்.

நீ மறக்கவில்லை. நாங்கள்தான் மறந்தோம். உனக்கு இப்போது கல்யாணம், இரண்டு மாதத்தில் மெல்போர்ன். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து போன வருடம் நீ புது லென்ஸ் வாங்கிக் கொடுத்தாய். அதில் நான் எடுத்த படத்தையெல்லாம் உன் ஆபீசில் காட்டிப் பெருமைப்படுகிறாய். ஒவ்வொரு தடவை நீ "சூப்பர்மா" என்னும்போதும் எனக்குள் ஒரு கத்தரிக்காய் திரும்பி நின்று படத்துக்குக் காத்திருக்கும். உன்னைவிட ஒரு தட்டான் எனக்குப் பெரிதா என்று நீ கேட்டால், இல்லை என்பதுதான் பதில். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நீ இருப்பதே எனக்கு ஞாபகம் இல்லை. வீடு, சமையல், பூத்தில் வெள்ளிக்கிழமை போன், வந்தவர்களுக்கு டீ, எதுவுமே ஞாபகம் இல்லை. அப்படி ஒரு நேரம் எனக்கு அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. பொய் சொன்னதற்குத்தான் வெட்கப்படுகிறேன், குந்தியதற்கு இல்லை. உனக்கு வரப்போகிறவளும் என்றைக்காவது உன்னை, அடுப்பை, பிள்ளையை மறந்துவிட்டு எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பாள். உடனே கூப்பிடாதே. அவள் திரும்பி வந்து என்ன பார்த்தாள் என்று உண்மையைச் சொல்கிற மாதிரி வீட்டை வைத்துக்கொள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. யாராவது திட்டிவிடுவார்கள் என்றுகூட இல்லை, சிரித்துவிடுவார்களோ என்றுதான்.

நேற்று நானும் அத்தாவும் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கலியமூர்த்தி அண்ணனைப் பார்க்கப் போனோம். ஸ்டூடியோ இப்போது செல்போன் கடை, அவர் மகள் பார்க்கிறாள். அவர் சாயங்காலத்தில் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணே, மகன்கிட்ட உண்மையச் சொல்லப் போறேன். இத்தன வருஷம் என் பொய்ய நீங்க சொமந்துட்டீங்க, மன்னிச்சிடுங்க" என்றேன். "சொமக்க என்ன தங்கச்சி இருக்கு" என்று சிரித்தார். "அன்னிக்கி நீங்க கையக் கூப்புனப்ப, ஒரு வாரத்துல நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அவ்ளோதான்." பிறகு, "ஒரே ஒரு வருத்தம். திரும்பி வந்து ஒரு தடவ சண்டை போட்டிருந்தான்னா நானே சொல்லியிருப்பேன். பய சண்டையே போடல. பள்ளிக்கூடம் போறப்ப, காலேஜ் போறப்ப, இப்ப லீவுல வர்றப்பகூட, என் கடைகிட்ட வந்ததும் ரோட்ட கடந்து அந்தப் பக்கமா போயிடுறான். லாரி வந்தாலும் நின்னு கடந்து போறான். எங்கயாவது அடிபட்டுடப் போறானேன்னு நான்தான் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன்" என்றார். அத்தா காது மடலைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரிடம் பத்திரிகையை நான் கொடுக்கவில்லை. எடுத்துப் போனதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "மகன் வந்து குடுப்பான்" என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் நீ வந்து குத்தாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எந்தப் பக்கமும் கடக்காமல் அவர் கடைப் பக்கமாகவே நடந்து வா. என்மேல் கோபம் இருந்தால் வீட்டுக்கு வந்து காட்டு, நான் எங்கேயும் போய்விட மாட்டேன். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். மன்னிப்பை உரக்கத்தான் சொல்ல வேண்டியிருக்கும். தெருவே கேட்டாலும் கூச்சப்படாதே. நீ அன்றைக்குக் கத்தியதும் தெருவே கேட்டதுதான்.

உன் அம்மா